சொறிக்கெல்லாம் ஆஸ்பத்திரியில் படுக்கணுமா? மாமாவைச் சம்மதிக்க வைக்க வழி சொல்லுங்கள்

மண்டபம்மருமகன் | மே 24, இரவு 10.15

தாய்மாமாவுக்கு 54 வயது. விசைப்படகில் போகிறவர். பதினோரு வருடமாகக் காளாஞ்சகப்படை, அதாவது சோரியாசிஸ். முழங்கையிலும் தலையிலும் மட்டும் வெள்ளைச் செதிலாக இருந்தது, அவரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. போன வருடம் யாரோ ஒருவர் வீட்டுக்கே வந்து பொட்டலம் பொட்டலமாகப் பொடி கொடுத்தார். தேனில் குழைத்துச் சாப்பிட வேண்டும். ஒரே வாரத்தில் தோல் கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. எட்டு மாதம் சாப்பிட்டார், முகமும் உப்பி வந்தது. "மாமா தேறிட்டார்" என்று நாங்கள் வேறு சந்தோஷப்பட்டோம்.

சித்திரை பிறந்ததிலிருந்து பொடிக்காரர் வரவில்லை, போனும் எடுக்கவில்லை. மூன்று வாரத்தில் தலை முதல் கால் வரை சிவந்து, படுத்து எழுந்த பாயில் அள்ளுமளவு செதில். இந்த வெயிலில் கம்பளி போர்த்திக்கொண்டு நடுங்குகிறார். பாதம் வீங்கிச் செருப்பு நுழையவில்லை. ராமநாதபுரத்தில் காட்டினோம். டாக்டர் பார்த்த உடனே அட்மிஷன் என்று எழுதிவிட்டார். மாமா எழுந்து வெளியே வந்துவிட்டார்.

"நெஞ்சு வலின்னா படுக்கலாம், கால் ஒடிஞ்சா படுக்கலாம். சொறிக்குப் போய்ப் படுத்தா ஊர் என்ன பேரு வைக்கும்?" என்கிறார். வீட்டில் பெண்ணுக்கு வரன் பார்க்கிறார்கள், அது ஒரு பக்கம். ஜூன் 14 நள்ளிரவோடு மீன்பிடித் தடைக்காலம் முடிகிறது, மறுநாள் படகில் இருந்தாக வேண்டும் என்பது இன்னொரு பக்கம். எனக்கே ஒரு சந்தேகம்: தோல் வியாதிக்கு ஆயின்ட்மென்ட் கொடுத்து வீட்டுக்கு அனுப்பாமல் எதற்கு பெட்டில் போடுகிறார்கள்?

உப்புக்காத்து | மே 24, இரவு 10.40

எதற்கா? பெட் காலியாக இருந்திருக்கும், வேறு எதற்கு? எங்கள் வாலிநோக்கம் பக்கம் உப்பளத்தில் வேலை பார்க்கிறவர்கள் கால் எல்லாம் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கிறது, எவன் அட்மிட் ஆனான்? வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசுங்கள், கருவாடு கத்தரிக்காயை நிறுத்துங்கள். பத்து நாளில் அடங்கும்.

வார்டுஅக்கா | மே 24, இரவு 11.50

தம்பி, நான் செவிலியர். மதுரையில் தோல் வார்டில் ஒன்பது வருடம் இருந்தேன், இப்போது உச்சிப்புளியில் வீட்டோடு. நீங்கள் எழுதியதில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது சிவப்பு இல்லை, செதிலும் இல்லை. கம்பளியும் செருப்பும்.

தோல் என்பது வெறும் போர்வை இல்லை. உள்ளே இருக்கிற தண்ணீரை வெளியே விடாமல் வைப்பது, சூட்டைக் காப்பது, கிருமியைத் தடுப்பது, எல்லாம் அதன் வேலை. முழங்கையில் நாலு இடத்தில் படை இருந்தால் மீதித் தோல் அந்த வேலையைப் பார்த்துக்கொள்ளும். உடம்பில் பத்தில் ஒன்பது பங்கு சிவந்து செதில் உதிர்ந்தால் பார்த்துக்கொள்ள ஆளில்லை. இதை எரித்ரோடெர்மா என்பார்கள். கிட்னி ஃபெயிலியர், ஹார்ட் ஃபெயிலியர் போல இதுவும் தோல் ஃபெயிலியர்தான்.

மாமா ஏன் நடுங்குகிறார்? சிவந்த தோல் முழுக்க ரத்தம் வந்து நிற்கிறது. உள்சூடு அந்த வழியாகவே வெளியே போகிறது. தொட்டால் சுடும், அவருக்கோ குளிரும். அவ்வளவு ரத்தத்தையும் தோலுக்குத் தள்ள இதயம் ஓய்வில்லாமல் அடிக்கிறது, வயதானவர்களுக்கு அதிலேயே மூச்சு வாங்கும். கால் ஏன் வீங்கியது? செதிலோடு புரதமும் போகிறது. ரத்தத்தில் ஆல்புமின் என்ற புரதம் குறைந்தால் நீர் காலில் இறங்கும், இதயம் தளர்ந்தாலும் இறங்கும். வீட்டில் பாயைப் பெருக்கிக் கொட்டுகிறீர்களே, அதில் அவர் சாப்பிட்ட முட்டையும் மீனும் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தோல் முழுக்க நுண்ணிய வெடிப்பு, கிருமி நுழைய அது போதும். இவர்களில் இறந்துபோகிறவர்கள் அரிப்பில் இறப்பதில்லை. ரத்தத்தில் கிருமி ஏறி, நிமோனியா வந்து, இதயம் தளர்ந்து இறக்கிறார்கள்.

அந்தப் பொடி வேறு. முகம் உப்பியது, ஒரே வாரத்தில் தோல் மின்னியது இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஸ்டீராய்டு மாத்திரையைத் தூளாக்கிக் கலந்திருப்பார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. சோரியாசிஸ்காரருக்கு மாதக்கணக்கில் ஸ்டீராய்டு கொடுத்துத் திடீரென்று நிறுத்தினால் இப்படித்தான் உடம்பெல்லாம் வெடிக்கும், சிலருக்குச் சீழ்க்கொப்புளமாகவே வரும். இன்னொன்றும் உண்டு. வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்துகொண்டே இருந்தால் உடம்பு தானாகச் சுரப்பதைக் குறைத்துவிடும். நிறுத்தியதும் பிரஷர் இறங்கி மயங்கி விழலாம். அதனால் பொடி சாப்பிட்டதை மறைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். மிச்சப் பொட்டலம் இருந்தால் கையோடு கொண்டு போங்கள்.

பெட்டில் போட்டு என்ன செய்வார்கள்? தினமும் எடை, எவ்வளவு குடித்தார் எவ்வளவு சிறுநீர் போனது என்ற கணக்கு, நாலு மணிக்கொரு தரம் சூடும் பிரஷரும், ரத்தப் பரிசோதனை, உடம்பு முழுக்க லிக்விட் பாரஃபினோ வாசலினோ ஒரு நாளைக்குப் பல தடவை. வீட்டில் யார் இதைச் செய்வார்கள்?

உப்புக்காத்து அண்ணே, கோபித்துக்கொள்ளாதீர்கள். உரிந்து கிடக்கிற தோலில் வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசி, அது காய்ந்து ஒட்டி, பிய்த்தெடுத்து அழுகிற நிலையில் வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

கீழக்கரைக்காக்கா | மே 25, காலை 6.20

அஸ்ஸலாமு அலைக்கும். நான் துபாயில் இருக்கிறேன். தோல் வியாதிக்குப் பெட்டா என்று போன வருடம் இந்த நேரம் நானும் கேட்டவன்தான்.

உம்மாவுக்கு யூரிக் ஆசிட் என்று அலோபியூரினால் எழுதிக்கொடுத்தார்கள். பதினேழாம் நாள் காய்ச்சல், கண் எரிச்சல், வாயில் புண். பக்கத்து வீட்டில் அம்மை என்றார்கள். அம்மை என்றால் மருந்து கொடுக்கக் கூடாது என்று ஒரு வழக்கம் இருக்கிறதே, அதனால் டாக்டரிடம் போகவில்லை. ஆனால் யூரிக் ஆசிட் மாத்திரையை மட்டும் விடவில்லை, அது "தினசரி மாத்திரை" ஆயிற்றே. இரண்டு நாள் போயிற்று. மூன்றாம் நாள் லாத்தா (அக்கா) உம்மாவைக் கைத்தாங்கலாகத் தூக்கியபோது முதுகுத் தோல் கையோடு வந்துவிட்டது. லாத்தா அதைப் போனில் சொல்லி அழுதது இன்னும் காதில் இருக்கிறது.

மதுரைக்குக் கொண்டு போனோம். நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர், ஆம்புலன்ஸில் உம்மாவைப் படுக்க வைக்கவும் முடியவில்லை, உட்கார வைக்கவும் முடியவில்லை. மருந்து ஒத்துக்கொள்ளாமல் தோல் உரிகிற ஸ்டீவன்ஸ் ஜான்சன் நோய் என்று ஆரம்பித்து, தோல் உரிந்தது உடம்பில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டியதும் டென் (TEN), அதாவது அதன் முற்றிய நிலை என்றார்கள். அந்த நிலையில் மூன்று பேரில் ஒருவர் தங்குவதில்லை என்று என்னிடம் நேராகவே சொன்னார்கள். முதல் வைத்தியம் அந்த மாத்திரையை நிறுத்துவது. மற்றதெல்லாம் தீக்காயக்காரர்களுக்குச் செய்வது போலத்தான். படுக்கையில் துணி ஒட்டுகிறது என்று வாழை இலை விரித்தார்கள். நரம்பு நீக்கி, சுத்தம் செய்து, தினமும் புது இலை. நான் சாப்பாட்டுக்குத் தவிர வாழை இலையை நினைத்ததில்லை.

கண்தான் முக்கியம் என்றார்கள். இமையின் உள்பக்கம் கண்ணோடு ஒட்டிக்கொள்ளும், அதனால் மணிக்கொரு தரம் சொட்டு மருந்து, கண்ணாடிக் குச்சியால் இமையை மெதுவாக விலக்கிவிடுவது. இதை வீட்டில் யார் செய்வது? 26 நாள். அல்ஹம்துலில்லாஹ், உம்மா நடமாடுகிறார். கண் வறட்சி மட்டும் நிற்கவில்லை. பர்ஸில் அந்த மாத்திரையின் பெயரை எழுதி வைத்திருக்கிறார். பல் பிடுங்கப் போனாலும் முதலில் அதைத்தான் நீட்டுவார்.

வலிப்புக்குக் கொடுக்கிற ஃபெனிடாயின், கார்பமாஸெபைன், சல்ஃபா மாத்திரை, சில வலி மாத்திரைகள், இவற்றாலும் இது வருமாம். புது மாத்திரை தொடங்கி நாலைந்து நாளிலிருந்து நாலு வாரத்துக்குள் காய்ச்சலோடு வாய்ப்புண்ணும் கண் சிவப்பும் சேர்ந்து வந்தால், அம்மை என்று முடிவு கட்டும் முன் மாத்திரை அட்டையோடு டாக்டரிடம் ஓடுங்கள்.

பாசிக்காரிமகள் | மே 25, பகல் 1.05

சின்னப்பாலத்திலிருந்து. எங்கள் அம்மா கடல்பாசி எடுக்கப் போகிறவர். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டின நாள்தான் பாசி நாள். விரலெல்லாம் துணி சுற்றிக்கொண்டு, இடுப்பில் சாக்கோடு இறங்குவார்கள். கஞ்சிப்பாசி, மரிக்கொழுந்துப் பாசி எல்லாம் பாறையில் ஒட்டிக் கிடக்கும், அதைப் பிய்க்கும்போது பவளப்பாறை கிழிக்காத கை கிடையாது. அதெல்லாம் கணக்கிலேயே வராது.

இரண்டு வருடம் முன்னால் கணுக்காலில் ஒரு கீறல். காலையில் கீறல், மறுநாள் விடியும்போது கெண்டைக்கால் வரை சிவந்து பளபளவென்று வீங்கிவிட்டது. அம்மாவுக்குச் சுகர் உண்டு. டாக்டர் பேனாவை எடுத்துச் சிவப்பின் ஓரத்தில் சுற்றிக் கோடு போட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. "சாயங்காலம் இந்தக் கோட்டைச் சிவப்பு தாண்டினா ஆபரேஷன் தியேட்டர், தாண்டலைன்னா ஊசியோட போகும்" என்றார். சாயங்காலம் இரண்டு விரல் தாண்டியிருந்தது. கீறித் திறந்து கெட்ட சதையை எடுத்துக் காலைக் காப்பாற்றினார்கள்.

அன்றைக்கு அவர் கேட்ட ஒரு கேள்வியை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும்: "வீட்டுல பட்டதா, கடல்ல பட்டதா?" கடல் தண்ணீரில் விப்ரியோ என்று ஒரு கிருமி உண்டாம், சாதாரணக் காயத்துக்குப் போடுகிற மருந்து அதற்குப் போதாதாம். ஈரல் கெட்டவர்கள், குடிக்கிறவர்கள், சுகர்காரர்கள் என்றால் ஒரே நாளில் கருங்கொப்புளம் வந்து உயிரே போய்விடுமாம். அதனால் மீன்முள் குத்தினாலும் பாறை கிழித்தாலும் கடலில் பட்டது என்று நீங்களே முந்திக்கொண்டு சொல்லிவிடுங்கள்.

திருக்கை முள்ளுக்கும் இதேதான். குத்தினதும் பொறுக்கிற சூட்டில் வெந்நீரில் ஒரு மணி நேரம் காலை வைத்தால் வலி இறங்கும், அது நம் ஆட்களுக்கே தெரியும். அதோடு விட்டுவிடுகிறார்கள். உள்ளே ஒடிந்த துண்டு இருக்கிறதா என்று எக்ஸ்ரே படம் எடுக்க வேண்டும், டிடி ஊசி (டெட்டனஸ் தடுப்பூசி) போட வேண்டும்.

உப்புக்காத்து | மே 25, பகல் 1.30

கடல் காயம், மாத்திரை அலர்ஜி எல்லாம் சரி. அது வேறு, சொறி வேறு. நான் கேட்டது சொறியைப் பற்றி.

பாசிக்காரிமகள் | மே 25, பகல் 1.34

கடலில் மிதக்கிற சொறியும், அதான் ஜெல்லி மீனும், சொறிதான் அண்ணே. அது சுற்றிப் போட்டு மூச்சுத் திணறினால் பெட்டில்தான் போடுவார்கள்.

தொண்டிமெடிக்கல் | மே 25, மாலை 5.15

மருந்துக் கடை வைத்திருக்கிறேன், எனவே அடி எனக்கும் விழும் என்று தெரிந்தே எழுதுகிறேன். படர்தாமரைக்கு "அந்த மூணு மருந்து சேர்ந்த க்ரீம் கொடுங்க" என்று கேட்டு வருகிறார்கள். அதில் ஒன்று ஸ்டீராய்டு. அரிப்பு உடனே நிற்கும், பூஞ்சை உள்ளே படரும். கொடுக்க மாட்டேன் என்றால் அடுத்த கடைக்குப் போகிறார்கள். இன்று நாடு முழுக்கப் படர்தாமரை மருந்துக்கு மசியாமல் போனதில் இந்த க்ரீமுக்குப் பெரிய பங்கு உண்டு.

மருமகன் தம்பிக்கு வேறொரு விஷயம். மாமாவுக்கு மெத்தோட்ரெக்ஸேட் எழுதினாலும் எழுதுவார்கள். சோரியாசிஸுக்கு அது வாரத்துக்கு ஒரே நாள் மாத்திரை. தினமும் போட்டுவிடுகிறார்கள்! சீட்டில் சரியாகத்தான் இருக்கும். வீட்டில் எல்லா மாத்திரையும் காலை இரவு என்று ஒரே டப்பாவில் இருக்கும், கை தானாகப் போகும். பத்து நாளில் வாயெல்லாம் புண், ரத்த அணு இறங்கி உயிரே ஊசலாடும். அப்படி ஒருவரை ஆம்புலன்ஸில் ஏற்றியதற்கு நானே சாட்சி. கிழமையைக் காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள். மாமாவுக்குச் சாயங்காலப் பழக்கம் ஏதும் இருந்தால் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள், ஈரலுக்கு ஆகாது.

பழையகளப்பணி | மே 26, காலை 9.00

பணி ஓய்வு பெற்றவன். தொழுநோய்த் திட்டத்தில் சைக்கிளில் தொண்டியிலிருந்து சாயல்குடி வரை கடலோர ஊர் ஊராக அலைந்தவன். இங்கே யாரும் எழுதாத ஒன்றை எழுதுகிறேன். உங்கள் மாமா பயப்படுவது பெட்டுக்கு இல்லை. "பெரிய வியாதி" என்ற பேருக்கு.

அந்தப் பயம் காரணமில்லாமல் வரவில்லை. 1898-ல் வெள்ளைக்காரன் போட்ட சட்டத்தில், தெருவில் பிச்சையெடுக்கும் தொழுநோயாளியைப் பிடித்து அடைத்து வைக்கலாம். அது முழுமையாக நீக்கப்பட்டது 2016-ல்தான். தொழுநோயைக் காட்டி விவாகரத்து கேட்கலாம் என்ற பிரிவை எடுத்தது 2019-ல். தோலில் வியாதி, ஆஸ்பத்திரியில் படுக்கை என்று இரண்டும் சேர்ந்தால் நம் ஊர் ஒரே முடிவுக்குத்தான் வரும்.

உண்மை நிலவரம் என்ன? 1982-ல் உலக சுகாதார நிறுவனம் கூட்டு மருந்தைச் சொன்னது. ஆறு மாதமோ பன்னிரண்டு மாதமோ அட்டை மாத்திரை, இலவசம். தொடங்கிய சில நாட்களிலேயே பிறருக்குத் தொற்றாது. தொழுநோய்க்காக யாரையும் ஒதுக்கிப் படுக்க வைக்க வேண்டியதே இல்லை. படுக்க வைப்பது ரியாக்‌ஷன் வந்தால்: நரம்பு திடீரென்று வீங்கி வலிக்கும், சில நாட்களில் மணிக்கட்டோ பாதமோ தொங்கிப் போகலாம். அல்லது காய்ச்சலோடு உடம்பெல்லாம் வலிக்கும் முடிச்சு, கண் சிவப்பு. மாத்திரையை முழுதாக முடித்தவருக்கும் இது வரும். அப்போது உடனே ஸ்டீராய்டு கொடுத்தால் கை பிழைக்கும், தாமதித்தால் விரல் மடங்கிவிடும். "மாத்திரைதான் முடிஞ்சு போச்சே" என்று வீட்டிலேயே இருந்து கையை இழந்தவர்களை எனக்குத் தெரியும்.

அத்தையிடம் ஒன்று சொல்லுங்கள். தொழுநோய்த் தேமல் பெரும்பாலும் அரிக்காது, தொட்டால் உணர்ச்சி குறைந்திருக்கும். உங்கள் மாமாவுக்கு இரவெல்லாம் அரிப்பு, செதில் செதிலாக உதிர்கிறது. சோரியாசிஸ் ஒட்டுவாரொட்டி இல்லை. வரன் வீட்டாரிடம் பெயரைச் சொல்லியே சொல்லலாம். மறைத்தால்தான் ஊர் தானாக ஒரு பெயர் வைக்கும்.

உப்புக்காத்து | மே 26, காலை 10.20

சரி, ஒத்துக்கொள்கிறேன். அப்போ சோரியாசிஸ் இருக்கிற எல்லோரும் போய்ப் படுத்துவிட வேண்டியதுதானா?

வார்டுஅக்கா | மே 26, மாலை 4.45

இல்லவே இல்லை. தோல் ஓபிக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் சீட்டோடு வீட்டுக்குத்தான் போவார்கள். உங்கள் உப்பளத்துக் கால்வெடிப்புக்கும் பெட் வேண்டாம். ஆனால் அந்த வெடிப்பில் சீழ் வைத்துக் காய்ச்சலும் வந்தால் பாசிக்காரிமகள் அம்மா கதைதான்.

அக்கி வந்தால் நம் ஊரில் குயவர் வீட்டில் காவியால் எழுதிக்கொள்வார்கள். எழுதிக்கொள்ளட்டும், நான் தடுக்கவில்லை. ஆனால் நெற்றியில் வந்து மூக்கு நுனியிலும் ஒரு கொப்புளம் இருந்தால் கண்ணுக்குள் போகப் போகிறது என்று அர்த்தம். மூன்று நாளுக்குள் மருந்து தொடங்க வேண்டும். குழந்தைகளின் சிரங்கையும் லேசாக விடக் கூடாது. சீழ் வைத்து ஆறின இரண்டு மூன்று வாரத்தில் முகம் வீங்கி, சிறுநீர் கோலா நிறத்தில் போனால் அது கிட்னி.

அப்புறம், புத்தகத்தில் இல்லாத காரணத்துக்கும் அட்மிட் செய்வோம். எங்கள் வார்டில் ஒரு பாட்டி. தனியாக இருப்பவர், முதுகு பூராவும் கரப்பான் படை. ஆயின்ட்மென்ட் எழுதி எழுதி அனுப்பினோம், குறையவே இல்லை. ஒருநாள் டியூபைக் கொண்டு வரச் சொன்னால் அப்படியே இருக்கிறது. "முதுகுக்குக் கை எட்டலையே தாயி, யாரு போட்டுவிடுவா?" என்றார். பெட் போட்டு எட்டு நாள் நாங்கள் தடவினோம். அதே மருந்துதான், சரியாகிவிட்டது.

மருமகன் தம்பி எங்கே? மாமா எப்படி இருக்கிறார்?

மண்டபம்மருமகன் | மே 27, இரவு 9.30

சேர்த்துவிட்டோம். நேற்று இரவு.

நான் வார்டுஅக்கா எழுதியதை மாமாவிடம் அப்படியே படித்துக் காட்டினேன். தண்ணி வெளியே போகிறது, சூடு போகிறது, கிருமி உள்ளே வருகிறது என்று சொல்லிக்கொண்டே வந்தேன். மாமா கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ரொம்ப நேரம் கழித்து, "அப்ப கலப்பத்து விட்டுப் போச்சுங்கிறே" என்றார்.

படகில் பலகைக்கும் பலகைக்கும் இடையில் பஞ்சு வைத்து அடைப்பார்களே, அது. தடைக்காலத்தில் கரையில் ஏற்றி வைத்துக் கலப்பத்து பார்க்கிற படகுகள் வீட்டு வாசலிலிருந்தே தெரிகின்றன. நான் ஒன்றும் சொல்லவில்லை. அவரே, "கரையேத்தாம எப்படி அடைக்க முடியும்?" என்று சட்டையைக் கேட்டார். போட முடியவில்லை, வேட்டியைப் போர்த்திக்கொண்டு வந்தார்.

அத்தை பக்கத்து வீட்டில் "சோரியாசிஸ், ஒட்டாது" என்று நாலு பேர் கேட்கச் சொல்லிவிட்டு ஏறினார். களப்பணி ஐயாவுக்கு நன்றி.

மண்டபம்மருமகன் | ஜூன் 6, இரவு 8.10

பதினோராம் நாள். நடுக்கம் நான்காம் நாள் நின்றது. கால் வீக்கம் வடிந்து எடை ஐந்து கிலோ இறங்கியது. பயந்து கேட்டேன், நீர்தான் போயிருக்கிறது என்றார்கள். தினமும் மூன்று முட்டை. ஃபேன் போட்டால் மட்டும் பக்கத்து பெட்காரரோடு சண்டை: இவருக்குக் குளிரும், அவருக்கு வேர்க்கும். ஆல்புமின் ஏறியிருக்கிறது. ஈரல் பரிசோதனை பார்த்துவிட்டு மெத்தோட்ரெக்ஸேட் தொடங்கினார்கள். வியாழன்தோறும். தொண்டி அண்ணன் சொன்னபடி காலண்டரில் வட்டம் போட்டாயிற்று, மாத்திரையை அத்தை தன் சுருக்குப் பையில் தனியாக வைத்திருக்கிறார். பொடிப் பொட்டலத்தை டாக்டரிடமே கொடுத்துவிட்டேன்.

வார்டுஅக்கா, ஒரு கேள்வி. 15-ஆம் தேதி போக முடியாது என்று மாமாவுக்கே தெரிகிறது. ஆடியில் போகலாமா? உப்புத்தண்ணீர் படலாமா?

வார்டுஅக்கா | ஜூன் 6, இரவு 9.25

வெடிப்பு முழுதாக மூடும் வரை கூடாது. ஆடி என்பதை டாக்டர் பார்த்துச் சொல்லட்டும். போகும்போது கையுறை, முழுக்கைச் சட்டை. கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் குளித்து, ஈரம் முழுதாகக் காயும் முன்னே எண்ணெய் தடவிவிட வேண்டும். வீட்டுக்கு வந்து தடவிக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். பாட்டிலைப் படகிலேயே வைக்கச் சொல்லுங்கள்.

மண்டபம்மருமகன் | ஜூன் 6, இரவு 9.31

தேங்காய் எண்ணெய் போதுமா அக்கா?

வார்டுஅக்கா | ஜூன் 6, இரவு 9.40

போதும். வாசனை சேர்க்காதது. முதுகுக்கு மட்டும் படகில் யாரையாவது தடவிவிடச் சொல்லுங்கள்.